ஒரே மாத்திரையில் ஏன் இரண்டு மருந்து?



சில வாரங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் தாய்மார் கூட்டம் முடிந்து நாங்கள் புறப்படும் நேரம். கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டபடி ஒரு தாய் ஓடி வந்தார். மடியிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"மிஸ், மூத்தவனுக்குப் பன்னெண்டு வயசு. போன வருஷம் காதுல சீழ் வந்தப்போ அமொக்சிசிலின் குடுத்தாங்க, நல்லாப் போச்சு. இந்தத் தடவ அதே மருந்த குடுத்தும் நிக்கல. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இத எழுதிக் குடுத்து, இதுல ரெண்டு மருந்து இருக்குன்னாங்க. ரெண்டு மருந்துன்னா ஒடம்புக்குச் சூடுதானே? புள்ளைக்கு வலி நின்னுருச்சு. அதான் நாலு நாளோட நிப்பாட்டிட்டேன். மிச்சத்த அவங்க அப்பாவோட கால் புண்ணுக்கு வச்சிருக்கேன். சரிதானே மிஸ்?"

சரியில்லை. ஆனால் அந்தத் தாய் கேட்டது நல்ல கேள்வி. "அப்படிச் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஏன் செய்யக்கூடாது என்று விளங்கினால்தான் நாளைக்கும் அது நினைவில் நிற்கும். அன்று அவரோடு லயத்து வாசற்படியில் உட்கார்ந்து பேசியதைத்தான், இன்னும் கொஞ்சம் சேர்த்து, இங்கே எழுதுகிறோம்.

ஸ்டோருக்குள் நடப்பது என்ன?

முதலில் நாம் எல்லோரும் அறிந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குவோம். பறித்த கொழுந்து பச்சை நிறம். ஸ்டோரில் அதை வாட்டி, உருட்டி, நசுக்கிப் பரப்பி வைத்தால் சிறிது நேரத்தில் செம்பு நிறமாக மாறுகிறது, வாசமும் மாறுகிறது. யாரும் அதில் சாயம் கலக்கவில்லை. அப்படியானால் மாற்றியது யார்?

இலைக்குள்ளேயே இருக்கும் ஒரு பொருள்தான் மாற்றியது. அதற்கு நொதியம் என்று பெயர். உங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்திலும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். நொதியம் என்பது ஒரு சின்ன வேலைக்காரன். ஒரு பொருளை வெட்டும், அல்லது இன்னொன்றோடு ஒட்டும், அல்லது வேறொன்றாக மாற்றும். வேலை முடிந்ததும் களைத்துப் போகாது, அடுத்ததைப் பிடிக்கும். நாம் சாப்பிடும் சோற்றைச் சீனியாக உடைப்பதும் நொதியங்கள்தான். உயிருள்ள எதுவும் இவை இல்லாமல் ஒரு நாளும் வாழாது.

பிறகு தேயிலையைச் சூட்டடுப்பில் போடுகிறார்களே, அது எதற்கு? உலர்த்துவதற்கு மட்டுமல்ல. அந்தச் சூட்டில் நொதியத்தின் வேலை நின்று போகிறது. நிறுத்தாவிட்டால் தேயிலை கெட்டுவிடும். ஆகவே, நொதியத்தை வேலை செய்ய விடுவதும் சரியான நேரத்தில் நிறுத்துவதும் நம் தோட்டங்களில் தினமும் நடக்கிற காரியம்.

ஸ்டோரில் சூட்டினால் நிறுத்துகிறோம். மனித உடம்புக்குள் அப்படிச் சூடு போட முடியாது. அங்கே நொதியத்தை நிறுத்த ஒரு பொருள் வேண்டும். நொதியத்தின் வேலையை நிறுத்தும் பொருளை நொதிய நிரோதி என்பார்கள். அந்தத் தாயின் கையில் இருந்த மாத்திரையில் இரண்டாவதாக இருக்கும் மருந்து இப்படிப்பட்ட ஒன்றுதான்.

கிருமியிடம் ஒரு கத்தரிக்கோல்

1928ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பவர், பூஞ்சணத்திலிருந்து வரும் ஒரு பொருள் கிருமிகளைக் கொல்வதைக் கண்டார். அதுதான் பெனிசிலின். பற்றீரியா என்னும் கிருமியைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரைக் கட்டுவதும் கிருமிக்குள் இருக்கும் நொதியங்களே. பெனிசிலின் அந்த நொதியத்தில் ஒட்டிக்கொண்டு சுவர் வேலையை நிறுத்திவிடும். சுவர் இல்லாத கிருமி வெடித்துச் சாகும். நம் உடம்பின் கலங்களுக்கு அப்படிச் சுவர் கிடையாது. ஆகவேதான் அது கிருமியைக் கொன்றாலும் நம்மைக் கொல்வதில்லை.

ஆனால் கிருமி சும்மா இருக்குமா? 1940ஆம் ஆண்டிலேயே, பெனிசிலின் மக்கள் கைக்கு வந்து சேரும் முன்னரே, ஒக்ஸ்போர்டில் எட்வர்ட் ஆபிரகாம், ஏர்ன்ஸ்ட் செயின் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கண்டு எழுதினார்கள். சில பற்றீரியாக்கள் பெனிசிலினை நாசமாக்கும் ஒரு நொதியத்தைத் தாங்களே செய்கின்றன என்பதே அது.

பெனிசிலினின் நடுவில் நான்கு மூலை கொண்ட ஒரு சின்ன வளையம் இருக்கிறது. மருந்தின் பலம் முழுவதும் அதில்தான். கிருமியின் நொதியம் கத்தரிக்கோல் மாதிரி அந்த வளையத்தை வெட்டிவிடும். வளையம் அறுந்தால் மருந்து வெறும் தூள். ஒரே ஒரு கத்தரிக்கோல் ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான வளையங்களை வெட்டும். அப்படியிருக்க, கூடுதலாக மருந்தைக் கொட்டிக்கொண்டே போவதில் என்ன பிரயோசனம்?

லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் மேரி பார்பர் என்ற பெண் மருத்துவர் இதைக் கணக்கெடுத்தார். புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் ஒரு வகைக் கிருமியில், 1946இல் நூற்றுக்கு 14 பெனிசிலினுக்கு மசியவில்லை. 1948இல் அது நூற்றுக்கு 59 ஆனது. இரண்டே வருடம்!

அமொக்சிசிலின் 1972இல் வந்தது. அது பெனிசிலின் குடும்பத்துப் பிள்ளை. பல நோய்களுக்கு நல்ல மருந்து, விலையும் குறைவு, இன்றும் அதுதான் பல தடவை முதலில் கொடுக்கப்படுகிறது. ஆனால் அதன் நடுவிலும் அதே வளையம்தான். ஆகவே, கத்தரிக்கோல் வைத்திருக்கும் கிருமியிடம் அதுவும் தோற்றுப் போகும்.

விடை மண்ணுக்குள் இருந்தது

மழை பெய்து ஓய்ந்ததும் மலையில் ஒரு மண் வாசம் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பற்றீரியா இனம் செய்யும் ஒரு பொருளின் வாசம் அது. முள்ளு குத்தும்போது கிளம்பும் புது மண் வாசமும் அதுவே. இந்தப் பற்றீரியாக்கள் நூல் நூலாக வளரும். ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இடத்துக்கும் இரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அடக்க மருந்து மாதிரி ஒரு பொருளை விடும். மற்றது அதை வெட்ட நொதியம் செய்யும். அந்த நொதியத்தையும் நிறுத்த இன்னொன்று வேறு பொருள் விடும். நாம் மிதித்துக்கொண்டு போகும் மண்ணுக்குள் நமக்குத் தெரியாமலே இந்த யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது.

சயரோகத்துக்கு முதன்முதலில் வந்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினும் இந்த இனத்துப் பற்றீரியா தந்ததுதான். 1943இல் அமெரிக்காவில், செல்மன் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுகூடத்தில் அல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் அதைக் கண்டெடுத்தார்.

இங்கிலாந்தில் சரே என்ற மாவட்டத்தில் பீச்சம் கம்பெனியின் ஆய்வுகூடம் இருந்தது. அங்குள்ள விஞ்ஞானிகள் 1960களின் இறுதியிலிருந்து ஒரு புதுத் தேடலில் இறங்கினார்கள். "கிருமியைக் கொல்லும் இன்னொரு மருந்து வேண்டாம். கிருமியின் கத்தரிக்கோலை நிறுத்தும் பொருள் மண்ணில் இருக்கிறதா?" என்று தேடினார்கள்.

தேடிய விதம் எளிமையானது, ஆனால் கெட்டித்தனமானது. ஒரு தட்டில் கத்தரிக்கோல் வைத்திருக்கும் கிருமியை வளர்த்தார்கள். அதோடு பெனிசிலினையும் கலந்தார்கள். கிருமி பெனிசிலினை வெட்டித் தள்ளிவிட்டுத் தட்டு முழுக்கப் படர்ந்து வளரும். பிறகு அந்தத் தட்டில் சிறு குழிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மண் பற்றீரியா வளர்ந்த சாற்றை விட்டார்கள். ஏதாவது ஒரு குழியைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் வட்டமாக வெளிச்சுக் கிடந்தால், அந்தச் சாற்றில் கத்தரிக்கோலை நிறுத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி வெளிச்ச வட்டம் காட்டிய ஒன்றுதான் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளவுலிஜெரஸ். தென் அமெரிக்க மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட இந்தப் பற்றீரியாவுக்கு 1971இல் வேறு விஞ்ஞானிகள் பெயர் வைத்திருந்தார்கள். சின்னத் தடி ஏந்தியவன் என்பது அந்தப் பெயரின் கருத்து. அது செய்த பொருளுக்குக் கிளவுலானிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1976, 1977ஆம் ஆண்டுகளில் இதைப் பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. 1981இல் அமொக்சிசிலினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் பெரிய தாங்கிகளில் அதே பற்றீரியாவை வளர்த்துத்தான் இதை எடுக்கிறார்கள்.

கத்தரிக்கோலில் சிக்கும் கம்பி

கிளவுலானிக் அமிலம் தனியாகக் கிருமியைக் கொல்ல அவ்வளவு பலம் உள்ளதல்ல. அதன் நடுவிலும் பெனிசிலினில் உள்ளது போன்ற நான்கு மூலை வளையம் இருக்கிறது. கிருமியின் நொதியம் அதைப் பார்த்து, "இதுவும் பெனிசிலின்தான்" என்று நினைத்து வெட்ட வருகிறது. வெட்டத் தொடங்கியதும் அது நொதியத்தோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுக்கும் நடுவில் கம்பி சிக்கினால் எப்படி இருக்கும்? திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அந்தக் கத்தரிக்கோல் அதோடு சரி. கிளவுலானிக் அமிலமும் அதோடு முடிந்தது. தன்னைக் கொடுத்துக் கூட்டாளியைக் காப்பாற்றுகிறது.

அந்த நேரத்தில் அமொக்சிசிலின் தடையில்லாமல் போய்க் கிருமியின் சுவர் வேலையை நிறுத்துகிறது.

ஆகவே, "ரெண்டு மருந்துன்னா ரெண்டு மடங்கு சூடு" என்பது சரியல்ல. ஒன்று வேலை செய்கிறது, மற்றது அதற்குக் காவல் நிற்கிறது.

அட்டையில் உள்ள எண்

இந்த மாத்திரை அட்டையில் 375 அல்லது 625 என்று போட்டிருக்கும். 375 என்றால் 250 மில்லிகிராம் அமொக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளவுலானிக் அமிலமும். 625 என்றால் 500உம் 125உம். கவனியுங்கள், இரண்டிலும் காவல் மருந்து ஒரே அளவுதான். அதனால் 625 இல்லையென்று 375இல் இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. காவல் மருந்து இரட்டிப்பாகி வயிற்றோட்டம் வரக்கூடும். மாத்திரையைச் சாப்பாடு தொடங்கும்போது எடுத்தால் வயிற்றுக்கு நல்லது.

ஈரம் இதற்கு எதிரி

அந்தத் தாய் அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளை உடைத்து எடுத்து, கடதாசியில் மடித்து அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருந்தார். வாங்கிப் பிரித்துப் பார்த்தோம். வெள்ளை மாத்திரை மஞ்சளும் பழுப்புமாக மாறியிருந்தது.

கிளவுலானிக் அமிலம் ஈரத்திலும் சூட்டிலும் கெட்டுப்போகும். பனியும் மழையும் நிறைந்த நம் மலைப் பக்கத்தில் காற்றே ஈரம். லயத்துச் சுவரும் ஈரம். அதனால்தான் இந்த மாத்திரையை ஈயத் தாளில் ஒவ்வொன்றாக அடைத்துத் தருகிறார்கள். விழுங்கும் நேரம் வரை அதைத் திறக்கக் கூடாது. காவல் மருந்து கெட்டுவிட்டால் மிஞ்சுவது பழைய அமொக்சிசிலின் மட்டும்தான், கத்தரிக்கோல் உள்ள கிருமிக்கு அது இரை.

சின்னப் பிள்ளைகளுக்குத் தரும் பாணி மருந்து இன்னும் கவனம். தூளில் தண்ணீர் கலந்த பிறகு அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஏழு நாளைக்குள் முடிக்க வேண்டும். மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். வீட்டில் பெட்டி இல்லையென்றால் வெட்கப்படாமல் மருந்து தருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். "எங்க வீட்ல பிரிட்ஜ் இல்லைங்க" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. சொல்லாமல் கெட்ட மருந்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் குறை.

கிருமியும் பழகிக்கொள்ளும்

"வலி நின்னுருச்சே, பிறகு எதுக்கு மாத்திரை?" என்று பலர் கேட்கிறார்கள். மருந்து தொடங்கியதும் முதலில் சாவது பலமில்லாத கிருமிகள். அப்போதே வலி குறைந்துவிடும். கெட்டிக்காரக் கிருமிகள் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். நாமாகவே மருந்தை நிறுத்தினால் அவை திரும்பப் பெருகலாம். கத்தரிக்கோல் செய்யும் வித்தையை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கொடுக்கவும் செய்யும், பக்கத்து வீட்டுக்கு நெருப்புக் கொடுப்பது போல. மகனிடமிருந்து தங்கச்சிக்கு, இந்தக் காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு அந்தக் கிருமி போகும்.

1945இல் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங்கே இதைச் சொல்லி எச்சரித்தார். மருந்தைப் போதாத அளவில் எடுப்பவர்கள் கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். 2019இல் மட்டும், மருந்துக்கு மசியாத பற்றீரியாக்களால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கிளவுலானிக் அமிலம் எல்லாக் கத்தரிக்கோலையும் நிறுத்தாது. அதற்குள் சிக்காத புது வகைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. வேறு சில கிருமிகள் கத்தரிக்கோலை விட்டுவிட்டு வேறு வழியில் தப்புகின்றன. மண்ணில் தேடித் தேடிக் கிடைத்த காவல்காரர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இருப்பவரைக் கைவிட்டால் நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது யாரைக் கூப்பிடுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். வைரஸுக்குச் சுவரும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. அதற்கு இந்த மாத்திரை கொடுப்பது வெறும் செலவு, வயிற்றுக்கும் தொல்லை.

அப்பாவின் கால் புண்

இனி அந்த நான்கு மாத்திரைகளுக்கு வருவோம். "அவருக்குப் புண் எத்தனை நாளாக?" என்று கேட்டோம். "கவ்வாத்து மலையில குச்சி குத்துனது. ஒன்றரை மாசம் இருக்கும்" என்றார்.

ஒன்றரை மாதமாக ஆறாத கால் புண்ணுக்கு மகனின் மிச்ச மாத்திரை வைத்தியமல்ல. முதலில் சீனி பார்க்க வேண்டும். அடுத்த நாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார்கள். ஐயா விரலில் குத்திப் பார்த்தார். சீனி கூடித்தான் இருந்தது. அந்த நான்கு மாத்திரைகளை விழுங்கி இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் அந்தக் காலுக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போது கிளினிக்குக்குப் போகிறார், புண்ணுக்கு மருந்து கட்டுகிறார்கள்.

சீனி வியாதிக்குத் தரும் மருந்துகளில் ஒன்றும் மண் பற்றீரியா தந்ததுதான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அதன் பெயர் அக்கார்போஸ். அதைச் செய்யும் பற்றீரியா கென்யா நாட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மண்ணில் கிடைத்தது. ஆம், நம்மைப் போன்ற தோட்ட மக்கள் வேலை செய்த மண். சோற்றையும் ரொட்டியையும் சீனியாக உடைக்கும் நொதியங்களைக் குடலுக்குள் அது தடுக்கிறது. அதனால் சாப்பிட்டதும் இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறாது. இந்த மருந்து எடுப்பவருக்குச் சீனி இறங்கி மயக்கம் வந்தால், வீட்டுச் சீனி உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். ஏனென்றால் வீட்டுச் சீனியை உடைக்கும் நொதியத்தையும் அது தடுத்திருக்கும்.

மனதில் வையுங்கள்

1. அன்டிபயோட்டிக் மருந்தை டொக்டரின் துண்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

2. எத்தனை வேளை, எத்தனை நாள் என்று சொன்னார்களோ, அப்படியே எடுங்கள். நிறுத்த வேண்டுமென்று தோன்றினால் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

3. ஒருவரின் மிச்ச மருந்தை மற்றவருக்கோ மாட்டுக்கோ கொடுக்காதீர்கள். நாளைக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.

4. முன்பு பெனிசிலின் அல்லது அமொக்சிசிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மருந்து எழுதும் முன்பே சொல்லுங்கள். உடம்பில் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் மஞ்சளானாலும் டொக்டரிடம் காட்டுங்கள்.

5. மாத்திரையை ஈயத் தாளோடு வையுங்கள். அடுப்புப் பக்கமும் ஈரச் சுவர்ப் பக்கமும் வேண்டாம்.

6. ஆறாத புண் இருந்தால் சீனி பாருங்கள்.

அந்தத் தாய் பழுப்பான நான்கு மாத்திரைகளையும் எங்களிடமே தந்துவிட்டார். மகனையும் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காதைப் பார்த்த டொக்டர், நாள் கணக்குப் போட்டு மறுபடியும் மருந்து எழுதினாராம். அடுத்த முறை நாங்கள் போனபோது பிரட்டுக் களத்தில் பார்த்துச் சிரித்தார்.

"முழுசும் குடுத்து முடிச்சிட்டேன் மிஸ். கடைசி மாத்திரைய அவன் விழுங்குறப்பதான் தாளையே பிரிச்சேன்."